பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: வைஃபை எந்த இடத்தில் அறுபடுகிறது

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவி முடித்ததும் பெரும்பாலும் எல்லாமே வேலை செய்யும். திரை வரும், ஒலி வரும், டச்பேட் நகரும், விண்டோஸில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கருவி சுறுசுறுப்பாக எழுந்து உட்காரும். ஆனால் மூலையில் வைஃபை சின்னம் மட்டும் இருக்காது. அல்லது சின்னம் இருக்கும், அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் பட்டியலில் வரும், நம்முடையது மட்டும் வராது. அல்லது இணைந்துவிட்டது என்று சொல்லும், ஒரு பக்கமும் திறக்காது. இந்த மூன்றையும் நாம் ஒரே மாதிரிதான் சொல்கிறோம்: "வைஃபை வரலை."

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் தேவை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை வைத்திருக்கும் பலர் இப்போது லினக்ஸ் பக்கம் வருகிறார்கள். முதல் நாளே வைஃபை கிடைக்கவில்லை என்றதும், "இது பழசு, இதுக்கு மேல ஆகாது" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. என் கைக்கு வந்த அப்படிப்பட்ட லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் கார்டு நல்லபடியாகவே இருந்தது. ஒரு ஃபைல் இல்லை, ஒரு பூட்டு விழுந்திருந்தது, அல்லது கடிகாரம் தவறாக இருந்தது. அவ்வளவுதான்.

ஒரு வலைப்பக்கம் திறப்பதற்கு முன்னால் வரிசையாகச் சில காரியங்கள் நடந்தாக வேண்டும். கார்டு உள்ளே இருப்பதைக் கணினி உணர வேண்டும். அதற்கான டிரைவர் ஏற வேண்டும். டிரைவர் ஃபர்ம்வேரைக் கார்டுக்குள் அனுப்ப வேண்டும். ரேடியோ பூட்டப்படாமல் இருக்க வேண்டும். ரூட்டரின் குரல் கார்டின் காதில் விழ வேண்டும், கடவுச்சொல்லில் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும், ஐபி முகவரி கிடைக்க வேண்டும், பெயர்களை எண்களாக்கித் தரும் டிஎன்எஸ் பதில் சொல்ல வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் தெரிவது ஏறக்குறைய ஒன்றுதான். எங்கே அறுந்தது என்று பார்க்காமல், எங்கோ படித்த கட்டளைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால், நன்றாக இருந்த கண்ணியும் சேர்ந்து அறுந்துபோகும். நான் பார்த்த மோசமான சிக்கல்களில் பல, இப்படி இரண்டாம் கையாக உண்டானவை.

மாடல் பெயர் உதவாது, கார்டின் எண் உதவும்

எல்லோரும் முதலில் லேப்டாப்பின் மாடல் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். அதில் பெரிய பயன் இல்லை. ஒரே மாடலுக்குள் வெவ்வேறு வைஃபை கார்டுகளை வைத்து விற்றிருப்பார்கள். ஒருவருக்கு இன்டெல், இன்னொருவருக்கு பிராட்காம், மூன்றாமவருக்கு ரியல்டெக். வெளியே ஒரே பெயர், உள்ளே மூன்று வேறு கதைகள்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையோடு 'என்என்கே' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை முன்னால் சிறுகோடு போட்டுச் சேர்த்து இயக்கினால், நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் எட்டு எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் இருக்கும். நடுவில் முக்காற்புள்ளி. முன்பாதி தயாரிப்பாளரைச் சொல்லும், பின்பாதி சில்லை, அதாவது சிப்பைச் சொல்லும். முன்னால் 8086 என்றிருந்தால் இன்டெல், 14இ4 என்றால் பிராட்காம், 168சி என்றால் ஏதெராஸ், 10இசி என்றால் ரியல்டெக். இந்த எண்தான் கார்டின் உண்மையான பெயர். இதை வைத்துத் தேடினால் கிடைக்கும் பதில்கள் நம் கருவிக்கே உரியவையாக இருக்கும்.

அதே பட்டியலில், அந்த வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று இன்னொரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது, சிக்கல் அதற்குப் பிறகுள்ள கண்ணிகளில். இல்லையென்றால் டிரைவரிலேயே கதை நின்றுவிட்டது. கார்டே பட்டியலில் இல்லை என்றால், ஒன்று பயோஸில் அணைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது கார்டு அதன் இடத்தில் சரியாக உட்காரவில்லை, அல்லது அது யூஎஸ்பி வழியாக இணைந்த கார்டு. கடைசி வகையைப் பார்க்க எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளை இருக்கிறது.

டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு

லினக்ஸ் வைஃபையில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது. டிரைவர் நம் பிராசஸரில் ஓடும் நிரல், லினக்ஸின் மையமான கெர்னலின் ஒரு பகுதி. ஃபர்ம்வேர் கார்டுக்குள்ளேயே இருக்கும் சின்ன பிராசஸரில் ஓடும் நிரல். அந்தக் காலக் கார்டுகள் சிலவற்றில் ஃபர்ம்வேர் கார்டிலேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். பிறகு செலவைக் குறைக்க அந்த நினைவகத்தை எடுத்துவிட்டார்கள். மின்சாரம் போனால் கார்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் டிரைவர் வன்தட்டிலிருந்து ஃபர்ம்வேர் ஃபைலை எடுத்துக் கார்டுக்குள் ஊற்ற வேண்டும். அந்த ஃபைல் இல்லையென்றால் டிரைவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கார்டு ஜடம்.

லினக்ஸில் டிரைவர்களைக் கெர்னலோடு சேர்த்தே தருகிறார்கள். மூலக்குறியீடு திறந்திருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஃபர்ம்வேர் அப்படியில்லை. அதன் மூலக்குறியீடு நிறுவனத்திடம் இருக்கிறது. முழுவதும் சுதந்திர மென்பொருளாகவே இருக்க வேண்டும் என்ற கொள்கையுள்ள லினக்ஸ் வகைகள் அதைத் தங்கள் நிறுவல் வட்டில் வைக்கவில்லை. டெபியன் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. 2022 அக்டோபரில் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து, அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே அந்த ஃபர்ம்வேர்களை வைக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. பழைய லேப்டாப் என்பதற்காகப் பழைய டெபியன் வட்டைத் தேடிப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புதிய வட்டில் அந்தக் கார்டு தானாகவே எழக்கூடும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் கதை மாறுகிறது. 2003-இல் சென்ட்ரினோ என்ற பெயரில் வைஃபையை லேப்டாப்களுக்குள் பரவலாகக் கொண்டுவந்த இன்டெல், திறந்த டிரைவர்களுக்கு ஓரளவு சீக்கிரமே இறங்கிவந்தது. ஃபர்ம்வேரையும் மற்றவர்கள் பகிரும்படி தருகிறது. அதனால் இன்டெல் கார்டு இருந்தால் பெரும்பாலும் தொல்லை குறைவு. ஏதெராஸ் முதலில் மூடிய கதவாக இருந்தது. மேட்வைஃபை என்ற டிரைவரின் ஒரு பகுதி திறந்திருக்க, கார்டோடு நேரடியாகப் பேசும் பகுதி மூலக்குறியீடு இல்லாத பைனரியாக மட்டுமே கிடைத்தது. 2008-இல் நிலைமை மாறியது. ஏடிஎச்5கே கெர்னலுக்குள் வந்தது, அதே ஆண்டு ஏதெராஸ் நிறுவனமே ஏடிஎச்9கே டிரைவரைத் திறந்து தந்தது. ஏடிஎச்9கே ஓட்டும் உள்கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் ஃபைலே வேண்டாம். பழைய லேப்டாப்பில் 168சி என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

பிராட்காம்தான் நீண்ட கதை. அந்த நிறுவனம் விவரங்களைத் தராததால், ஒரு குழு அதன் டிரைவர் பைனரியைப் பிரித்துப் படித்து விவரக்குறிப்பு எழுதியது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக டிரைவர் எழுதியது. பதிப்புரிமைச் சிக்கல் வராமலிருக்க இப்படி இரண்டு குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தார்கள். அந்த உழைப்பிலிருந்து வந்ததுதான் பி43 டிரைவர். டிரைவரை எழுதிவிட்டாலும் ஃபர்ம்வேரைப் பகிர உரிமை இல்லை. அதனால் பி43-எஃப்டபிள்யூகட்டர் என்ற கருவி, இணையத்தில் கிடைக்கும் பிராட்காம் டிரைவர் ஒன்றை எடுத்து அதற்குள்ளிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுத்துத் தரும். பெயரிலேயே வெட்டுதல் இருக்கிறது. 2010 செப்டம்பரில் பிராட்காம் தன் சில சில்லுகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. ஆனால் எல்லாச் சில்லுகளுக்கும் இல்லை. பிசிஎம்43142 போன்ற சில, இன்றும் டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவரை நம்பியே இருக்கின்றன.

ஆக ஒரு பிராட்காம் கார்டுக்கு பி43, அந்த 2010 திறந்த டிரைவரிலிருந்து வந்த பிஆர்சிஎம்எஸ்மேக், டபிள்யூஎல் என்று மூன்று டிரைவர்கள் போட்டிபோட வாய்ப்பிருக்கிறது. 'இது வேலை செய்யலாம், அது வேலை செய்யலாம்' என்று மூன்றையும் நிறுவியவர்களின் லேப்டாப்பில் ஒவ்வொன்றும் மற்றதைத் தடுப்புப் பட்டியலில் போட்டுவைத்து, கடைசியில் எதுவுமே ஏறாமல் நிற்கும். 14இ4:4315 என்ற எண்ணுள்ள பிசிஎம்4312 இதற்கு நல்ல உதாரணம். அதற்கு பி43 டிரைவரும் உரிய ஃபர்ம்வேரும் போதும், டபிள்யூஎல்லும் ஓட்டும். எதையாவது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட வேண்டும். இரண்டும் சரியாக ஓடினால் நான் பி43-ஐ வைத்துக்கொள்வேன், ஏனென்றால் அது கெர்னலோடு சேர்ந்து வளர்கிறது.

பதிவேடு சொல்வதைக் கேட்பது

டிமெசேஜ் என்று ஒரு கட்டளை. கணினி எழும்போது கெர்னல் என்னென்ன பேசியது என்பதை அப்படியே காட்டும். நூற்றுக்கணக்கான வரிகள் வரும், பயப்பட வேண்டாம். 'ஃபர்ம்வேர்' என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் போதும். ஃபைல் இல்லையென்றால் அங்கே ஒரு வரி இருக்கும்: நேரடி ஃபர்ம்வேர் ஏற்றம் தோல்வி, பிழை எண் மைனஸ் 2 என்று. அந்த மைனஸ் 2-க்கு லினக்ஸில் ஒரே பொருள்தான்: அப்படியொரு ஃபைல் இல்லை. கார்டு பழுது என்றோ டிரைவர் ஒத்துவரவில்லை என்றோ அது சொல்லவில்லை. அதே வரியில் எந்த ஃபைல் வேண்டும் என்பதும் பெயரோடு எழுதியிருக்கும். கணினி தனக்கு என்ன குறை என்று ஒரு வரியில் எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்கிறது. நாமோ வேறெங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

ஒரு நுணுக்கம். இன்டெல் கார்டுகளில் இப்படி இரண்டு மூன்று தோல்வி வரிகள் அடுத்தடுத்து வந்து, அதன்பின் வெற்றி வரி வரும். டிரைவர் புதிய ஃபர்ம்வேர் பதிப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடுவதால் வருபவை அவை. கடைசி வரி என்ன சொல்கிறது என்று பார்க்காமல் முதல் தோல்வியைக் கண்டு பதற வேண்டாம்.

சரி, ஃபைல் வேண்டும். அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர லேன் கேபிள் ஒரு வழி. அதைவிட எளிய வழி நம் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதை லேன் இணைப்பு போலவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் நிறுவத் தேவையில்லை. பெரும்பாலான போன்கள் தாங்கள் இணைந்திருக்கும் வைஃபையையே இந்தக் கேபிள் வழியாகத் தரும் என்பதால் மொபைல் டேட்டாவும் செலவாகாது. அப்புறம் உபுண்டு, மின்ட் போன்றவற்றில் கூடுதல் டிரைவர் நிர்வாகியைத் திறந்தால் அதுவே கார்டைப் பார்த்துத் தேவையானதைச் சொல்லும்.

2012-க்குப் பிந்தைய லேப்டாப்களில், நம்பகமான கையொப்பம் இல்லாத நிரல்களை ஏறவிடாத செக்யூர் பூட் என்ற வசதி ஒரு தடையாக வரலாம். டபிள்யூஎல் போன்ற வெளி டிரைவர்களுக்குக் கெர்னல் நம்பும் கையொப்பம் இருக்காது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்பார்கள், மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வந்து அதைத் திரும்பக் கேட்கும். அந்தத் திரையை ஏதோ பிழை என்று நினைத்துத் தாண்டிவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டும் ஏறாது. பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

பூட்டு இரண்டு வகை

ஆர்எஃப்கில் என்ற கட்டளையோடு 'லிஸ்ட்' என்று கொடுத்தால், ஒவ்வொரு ரேடியோவுக்கும் இரண்டு வரிகள் வரும். ஒன்று மென்பூட்டு, மற்றது வன்பூட்டு. மென்பூட்டு மென்பொருள் போட்டது, ஆர்எஃப்கில் கட்டளையாலேயே திறந்துவிடலாம். வன்பூட்டு லேப்டாப்பின் பொத்தானோ சுவிட்சோ போட்டது. அதை எந்தக் கட்டளையாலும் திறக்க முடியாது.

பழைய லேப்டாப்களின் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ ஒரு குட்டி நகர்த்துச் சுவிட்ச் இருக்கும். பையில் போட்டு எடுக்கும்போது நகர்ந்துவிடும். விரலால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. சுவிட்ச் இல்லாத மாடல்களில் எஃப்என் விசையோடு ஆன்டெனா படம் போட்ட விசை. சில மாடல்களில் சுவிட்சே இல்லாவிட்டாலும் வன்பூட்டு இருப்பதாகக் காட்டும். காரணம், அந்த நிறுவனத்தின் விசைகளைக் கவனிக்கும் கெர்னல் பகுதி, இல்லாத சுவிட்சின் நிலையைப் படித்துத் தவறாகச் சொல்வது. அந்தப் பகுதியை மட்டும் ஏறவிடாமல் தடுத்தால் பூட்டு மறைந்துவிடும். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கருவியாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸின் வேகத் தொடக்க வசதி கணினியை முழுவதுமாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் விட்டுவைக்கும், கார்டும் அதே நிலையில் மாட்டிக்கொள்ளும். அந்த வசதியை விண்டோஸில் அணைத்துவிட்டு, லேப்டாப்பை அணைத்து, கழற்ற முடிந்தால் பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்ப எழுப்பினால் கார்டு தெளிந்து எழும்.

ரூட்டர் புதியது, கார்டு பழையது

கார்டு வேலை செய்கிறது, மற்ற இணைப்புகள் எல்லாம் தெரிகின்றன, நம்முடையது மட்டும் இல்லை. இந்த இடத்தில் லினக்ஸை விட்டுவிட்டு ரூட்டரைப் பார்க்க வேண்டும். பழைய கார்டுகளில் பல, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே கேட்கும். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் அந்தக் கார்டைப் பொறுத்தவரை அப்படியொரு ரூட்டர் இல்லவே இல்லை. 2.4-இலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் போய் உட்கார்ந்தால், 11 சேனல்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்ட அமெரிக்க விதிகளோடு செய்யப்பட்ட கார்டு அதைப் பார்க்காது. ரூட்டரில் சேனலைத் தானியங்கியாக விட்டிருந்தால், நேற்று 6-இல் இருந்தது இன்று 13-க்குப் போயிருக்கலாம். "நேத்து வரைக்கும் வந்துச்சு" என்ற புகாருக்கு இது ஒரு காரணம். சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்திவைப்பது நல்லது.

ரூட்டர் தெரிகிறது, கடவுச்சொல் சரியாகக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால் பாதுகாப்பு முறையைச் சந்தேகிக்க வேண்டும். டபிள்யூபிஏ3 என்ற புதிய முறை 2018-இல் அறிமுகமானது. அது கேட்கும் சில பாதுகாப்பு வேலைகள் பல பழைய கார்டுகளுக்கும் அவற்றின் டிரைவர்களுக்கும் தெரியாது. ரூட்டரை டபிள்யூபிஏ2 முறைக்கு, ஏஇஎஸ் குறியாக்கத்தோடு மாற்றிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். எல்லாக் கருவிகளுக்கும் பாதுகாப்பைக் குறைக்க மனமில்லை என்றால், பல ரூட்டர்களில் விருந்தினர் இணைப்பு ஒன்றைத் தனியாக உருவாக்கி அதற்கு மட்டும் டபிள்யூபிஏ2 கொடுக்கலாம். இன்னும் கீழே இறங்கி டிகேஐபி குறியாக்கத்துக்கோ டபிள்யூஇபி முறைக்கோ போகாதீர்கள். டபிள்யூஇபி 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. டிகேஐபி வைத்தால் பாதுகாப்பும் போகும், 'என்' வகைக் கார்டின் வேகமும் விநாடிக்கு 54 மெகாபிட்டுக்குள் சுருங்கும்.

இணைந்து ஐந்து நிமிடத்தில் அறுவது, யூடியூப் ஓடும்போது நன்றாக இருந்து சும்மா விட்டால் தூங்கிவிடுவது, இவற்றுக்கு முதலில் பார்க்க வேண்டியது மின்சேமிப்பு. பேட்டரிக்காகக் கார்டை அடிக்கடி உறங்கவைக்கிறார்கள், பழைய கார்டுகள் சில உறக்கத்திலிருந்து சரியாக எழுவதில்லை. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்பதன் மதிப்பை 3-இலிருந்து 2 ஆக்கினால் அந்த உறக்கம் நிற்கும். 2 என்றால் அணை, 3 என்றால் இயக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸை புளூடூத்தும் பகிர்ந்துகொள்வதால், புளூடூத் ஹெட்செட்டை அணைத்ததும் வைஃபை நிமிர்ந்துவிட்டால் காரணம் அதுதான்.

இணைந்த பின்னும் திறக்காத பக்கம்

ஐபி முகவரி கிடைத்ததா என்று பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி தரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். முகவரி சரியாக இருந்தால், பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையை 8.8.8.8 என்ற எண்ணுக்கு (கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர்) அனுப்புங்கள். பதில் வருகிறது, ஆனால் தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை என்றால் டிஎன்எஸ் கோளாறு. எண்ணுக்கே பதில் இல்லை என்றால், கட்டளை வழியாகச் சோதித்துப் பார்த்தபோது பின்னணியில் இரண்டாவதாக ஒரு இணைப்பு நிர்வாகியை இயக்கிவிட்டோமா என்று யோசியுங்கள். நெட்வொர்க்மேனேஜரும் இன்னொன்றும் ஒரே கார்டைப் பிடித்து இழுத்தால் இரண்டும் ஓடாது.

ஒரு லேப்டாப்பில் நான் ஒரு மாலை முழுவதும் செலவழித்தேன். நண்பர் ஒருவர் மகளின் படிப்புக்காகத் தயார்செய்யக் கொடுத்தது. இலகுவான ஒரு லினக்ஸ் வகை போட்டிருந்தேன். இணைந்திருந்தது, பிங் போனது, டிஎன்எஸ் பதில் சொன்னது. பிரவுசரில் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் எச்சரிக்கை. இரண்டு முறை பிரவுசரை நீக்கி நிறுவினேன். கடைசியில் திரையின் கீழ் மூலையைத் தற்செயலாகப் பார்த்தபோது தேதி 2009 ஜனவரி 1 என்றிருந்தது. மதர்போர்டின் நாணய பேட்டரி செத்துப்போயிருந்தது. லேப்டாப்பின் பெரிய பேட்டரியும் பிடிமானம் இல்லாததால், சார்ஜரைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் கடிகாரம் தொடக்கத்துக்குத் திரும்பியிருக்கிறது. இன்றைய சான்றிதழ்களெல்லாம் 2009-இல் நிற்கும் கணினிக்கு இன்னும் பிறக்காதவை, அதனால் ஒன்றையும் நம்பாது. பெரும்பாலான லினக்ஸ் வகைகள் இணையம் வந்ததும் நேரத்தைத் தாமே சரிசெய்துகொள்ளும். நான் போட்டிருந்த லினக்ஸில் அந்தச் சேவை இயக்கப்படாமல் இருந்தது. தேதியைத் திருத்தினேன், எல்லாத் தளங்களும் திறந்தன. பிறகு சிஆர்2032 பேட்டரி ஒன்று மாற்றினோம். இன்றும் பழைய லேப்டாப்பைக் கையில் வாங்கினால் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான்.

கம்பியும் கார்டும்

மென்பொருளில் எல்லாம் சரி, ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இணைகிறது, இரண்டடி நகர்ந்தால் அறுகிறது என்றால் ஆன்டெனாவைப் பாருங்கள். லேப்டாப்பின் ஆன்டெனா திரையைச் சுற்றி ஓடும். அங்கிருந்து மெல்லிய கம்பிகள் கீல் வழியாக இறங்கிக் கார்டின் மேலுள்ள குண்டூசித்தலை அளவு இணைப்பில் குத்தப்பட்டிருக்கும். எப்போதோ ரேம் மாற்றவோ தூசு தட்டவோ திறந்தபோது அது கழன்றிருக்கலாம். விரல் நுனியால் நேராக அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும், சாய்த்து அழுத்தினால் நசுங்கும். ரியல்டெக்கின் ஆர்டிஎல்8723பிஇ கார்டில் இதன் வேறொரு வடிவம் உண்டு. கார்டில் இரண்டு இணைப்புகள், சில லேப்டாப்களில் ஒரே ஒரு கம்பி. டிரைவர் கம்பியில்லாத இணைப்பில் காது வைத்துக்கொண்டிருக்கும். டிரைவர் அமைப்பில் ஆன்ட்-செல் என்பதை 1 அல்லது 2 என்று மாற்றினால் ஒரு கோடு காட்டிய சிக்னல் முழுதாக நிரம்புவதைப் பார்க்கலாம்.

கார்டையே மாற்றிவிடலாம் என்று தோன்றும். நல்ல யோசனைதான், ஆனால் வாங்கும் முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் பயோஸிலேயே அனுமதிப் பட்டியல் வைத்திருந்தன. பட்டியலில் இல்லாத கார்டை மாட்டினால் லேப்டாப் எழவே மறுத்து, அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு என்று திரையில் எழுதிவிட்டு நிற்கும். வாங்கிய பொருளை எப்படி வைத்துக்கொள்வது என்பதைச் சொந்தக்காரரிடமிருந்து பறிப்பது இது, எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சிறு பிசிஐ எக்ஸ்பிரஸ் இடம், எம்.2 இடம் என்று கார்டின் வடிவமும் மாறும் என்பதால் பழையதைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குவதே சரி.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் இருக்கிறது. பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது, உள்ளிருக்கும் சில்லைப் பார்க்க வேண்டும். ஒரே மாடல் பெயரில் இரண்டாம், மூன்றாம் திருத்தங்களில் சில்லை மாற்றிவிடுவார்கள். ஏதெராஸின் ஏஆர்9271, மீடியாடெக்கின் எம்டி7610யூ, எம்டி7612யூ ஆகியவற்றுக்குக் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. சொருகினால் ஓடும். சில டாங்கிள்கள் சொருகியதும் தங்களை ஒரு சிடி டிரைவ் என்று காட்டிக்கொள்ளும். விண்டோஸ் டிரைவரை அதற்குள் வைத்து அனுப்புவதற்கான ஏற்பாடு அது. யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற நிரல் அதைத் தட்டி வைஃபையாக மாற்றும்.

ரியல்டெக் டாங்கிள்கள் பலவற்றுக்கு நீண்ட காலம் கெர்னலுக்கு வெளியே தனி டிரைவர்தான் இருந்தது. 2023-இல் வந்த 6.2 கெர்னலிலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே வந்துகொண்டிருக்கின்றன. வெளி டிரைவர் போட்டிருந்தால் ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் அதைத் திரும்பக் கட்ட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைத் தானாகச் செய்யும், ஆனால் கெர்னலின் உள்ளமைப்பு மாறியிருந்தால் கட்டுவது தோற்றுப்போகும். காலையில் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்ததும் வைஃபை காணாமல் போனால், பூட் திரையில் மேம்பட்ட விருப்பங்களுக்குள் சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். பழைய கெர்னலை லினக்ஸ் உடனே அழித்துவிடுவதில்லை. அதில் வைஃபை திரும்ப வந்துவிட்டால் கார்டும் டாங்கிளும் நலம். டிரைவரின் புதிய பதிப்பு வரும்வரை அந்தக் கெர்னலிலேயே வேலையைத் தொடரலாம்.